பூசம், ஆயில்யம், மறுபடி பூசம்

என் நட்சத்திரமுங்களா? எந்தக் கம்பைலர்ல பார்த்துச் சொல்லோணும், பழசுலயா, புதுசுலயா?

சிரிக்காதீங்கம்மா, நெசமாத்தான் கேக்கறேன். நீங்க ஜன்னலோரம் விட்டுக் குடுத்தீங்க, கொய்யாப்பழம் குடுத்தீங்க. ஊரு கேட்டீங்க, வேலை கேட்டீங்க, கல்யாணம் ஆயிடுச்சான்னு கேட்டீங்க. இல்லைன்னு சொன்னதும் பையைத் திறந்து பேனாவை எடுத்துட்டீங்க. உங்க பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காப்ல, ஒரே பையன், காபி கூடக் குடிக்க மாட்டாப்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நட்சத்திரம்னு கேட்டா மட்டும் எனக்கு ஒரு வார்த்தையில சொல்ல வராது. பஸ் இப்பத்தான் கிணத்துக்கடவு தாண்டுது. உடுமலை போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குது. முழுசாக் கேட்டுட்டு எழுதிக்கோங்க.

என் பேரு சுகந்தி. பொள்ளாச்சிதான் சொந்த ஊரு. வேலை கோயமுத்தூர்ல, காந்திபுரத்துல ஒரு சின்ன கம்பெனி. ஜாதக சாஃப்ட்வேர் பண்றோம். ஐயோ, நான் ஜோசியக்காரி இல்லீங்க. கையை நீட்டாதீங்க. பொறந்த தேதி, நேரம், ஊரு போட்டா சந்திரன் எங்க நிக்குதுன்னு கணக்குப் போடற புரோகிராம் எழுதறவ. எனக்கு அதுல நம்பிக்கை கெடையாது. மிட்டாய் கடையில வேலை செய்யறவங்க மிட்டாய் திங்கறதில்ல பாருங்க, அந்த மாதிரி.

கல்யாண மையம்னு ஊருக்கு ஊரு போர்டு மாட்டியிருக்காங்களே, அவங்கதான் எங்க சாஃப்ட்வேரை வாங்கறவங்க. ஒரு பொண்ணு ஜாதகத்தைப் போட்டு ஒரு பட்டனை அமுக்கினா, அவங்ககிட்ட இருக்கற நாப்பதாயிரம் பையன் ஜாதகத்தோடயும் பொருத்தம் பாத்து லிஸ்ட் குடுக்கும். அதுக்கு எங்க சாஃப்ட்வேர் நாப்பது நிமிஷம் எடுத்துச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க அங்கயே பெஞ்சுல உக்காந்திருப்பாங்க. டீ வரும், பிஸ்கட் வரும், லிஸ்ட் வராது. போட்டிக் கம்பெனி ஒண்ணு வந்து பத்து நிமிஷத்துல குடுத்துச்சு. எங்க முதலாளி திருமலைசாமி சார் என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா சுகந்தி, நம்முளுது ஏன் மாட்டு வண்டியாட்டம் போகுது?"ன்னாரு. "கம்பைலர் பழசுங்க சார்"னேன். "அப்ப மாத்திப்போடு. அதுக்கென்ன?"ன்னுட்டாரு.

கம்பைலர்னா என்னன்னு சொல்லிடறேன், இல்லாட்டி அப்புறம் முழிப்பீங்க. நாங்க எழுதறது மனுசனுக்குப் புரியற மாதிரி இருக்கும். அதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறதுதான் கம்பைலர். எழுத்து ஒண்ணுதான். ஆனா மாத்திக் குடுக்கற ஆளைப் பொறுத்து வேகம் மாறும். எங்ககிட்ட இருந்த பழசு காசு குடுத்து வாங்கினது. அதை வித்த கம்பெனியே இப்ப இல்லை. புதுசா சும்மா கெடைக்கறது ரெண்டு இருந்துச்சு. மூணுல எது வேகம்னு பாத்துச் சொல்ல வேண்டியது என் வேலை.

ரெண்டு வருஷத்துக்கு முந்தின அந்த மழைக்காலம் இருக்குதே, ஐப்பசி, கார்த்திகை. என் வாழ்க்கையிலயே அப்படி ஒரு சந்தோஷமா நான் இருந்ததில்லைங்கம்மா. ஏன்னா அந்த ஆவணியிலதான் எனக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்ணியிருந்தாங்க.

அவரு பேரு நவநீதன். உடுமலையிலதான் வீடு. கரண்டு எடுக்கற காத்தாடிக் கம்பெனியில சர்வீஸ் இன்ஜினியர். இந்த ரோட்டுலயே கொஞ்சம் போனா ரெண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையா நிக்கும் பாருங்க, அதுல மேல ஏறி ரிப்பேர் பண்றவரு. அப்பா இல்லை, அம்மா மட்டுந்தான். விசாலாட்சி அத்தை. ஜாதகம் ஒரு கல்யாண மையத்துல எங்க சாஃப்ட்வேர்லதான் பாத்தாங்க, பழைய வெர்ஷன்ல. பூச நட்சத்திரம், கடக ராசி, பத்துக்கு எட்டுப் பொருத்தம். நான் செஞ்ச சாப்பாட்டை எனக்கே பரிமாறின மாதிரி இருந்துச்சு.

தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு அவருக்குப் போன் போடுவேன். மத்த பொண்ணுங்க என்னமோ பேசுவாங்களாமே. நான் பேசினது பூராவும் கம்பைலர்தான். "இன்னிக்குப் பத்தொம்போது நிமிஷம் வந்துச்சுங்க." "இன்னிக்குப் பதினொண்ணுங்க." அவருக்கு ஒண்ணும் புரியாது. "நாளைக்கு ஒம்போதுக்குக் கொண்டுவந்துடு"ன்னு சிரிப்பாரு. காத்தாடி மேல நின்னுட்டுப் பேசுவாரு, காத்துல பாதி வார்த்தை எனக்குக் கேக்காது. அத்தை பக்கத்துல இருந்தா போனைப் பிடுங்கிக்குவாங்க. "என்ன கண்ணு, நிமிசத்தைக் கொறைச்சிட்டியா? அப்ப சீக்கிரம் வீட்டுக்குப் போயி சாப்புடு."

அத்தைக்குச் சுகரு. முன்னூறுக்குக் கொறையாது. ஆனா தேன்மிட்டாய்னா உசிரு. "அவனுக்குத் தெரியாம ரெண்டே ரெண்டு வாங்கிட்டு வா கண்ணு"ன்னு போன்ல குசுகுசுன்னு கேப்பாங்க. "கல்யாணம் ஆகட்டுங்க அத்தை, நானே என் கையால தர்றேன்"னு சொல்லி ஏமாத்திட்டே இருந்தேன்.

சரி, கதைக்கு வர்றேன். கடைசியில மூணாவது கம்பைலர்தான் ஜெயிச்சுது. அதுல ஒரு சுவிட்ச் இருக்குதுங்க. கணக்கைக் கொஞ்சம் தாராளமாப் போட்டுக்கோ, எனக்கு வேகந்தான் முக்கியம்னு மெஷினுக்குச் சொல்ற சுவிட்ச். அதைப் போட்டேன். நாப்பது நிமிஷம் நாலு நிமிஷமாச்சு! நாலே நிமிஷம்! நாற்காலியை விட்டு எந்திரிச்சு நின்னுட்டேன். திருமலைசாமி சார் ஆபீசுக்கே ஜிலேபி வாங்கிட்டு வந்தாரு.

ஆனா வேகம் மட்டும் பாத்தா போதாது பாருங்க, கணக்கும் சரியா வரோணும். அதுக்காக சோதனைக்குன்னு ஆயிரம் ஜாதகம் வெச்சிருக்கோம். என்ன மாத்தினாலும் அந்த ஆயிரத்தையும் பழசுல ஒருக்கா, புதுசுல ஒருக்கா ஓட்டி, ரெண்டும் ஒத்துப் போகுதான்னு பாப்போம். அந்த ஆயிரத்துல முதல் ஜாதகம் யாரோடதுன்னு நெனைக்கறீங்க? என்னுது. வேலைக்குச் சேந்த அன்னிக்கு, பழகறதுக்கு ஒரு ஜாதகத்தை டைப் பண்ணுன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ஜாதகம் என்னுதுதானே. அதை அடிச்சேன். நாலு வருஷமா அதுதான் முதல் வரிசையில நின்னுச்சு.

அதை நான் எடுத்துட்டேன்.

ஏன்னு கேளுங்க. பூ வெக்க வந்த அன்னிக்கு அத்தை என் தலையில பூ வெச்சுட்டு, கன்னத்தைத் தடவி, காதோரமா ஒண்ணு சொன்னாங்க. "கண்ணு, பூ வெச்ச பொறவு ஜாதகத்தை வெளிய எடுக்கக் கூடாது. நோட்டை மடிச்சு சாமி படத்துக்குப் பின்னால வெச்சுடு. கல்யாணம் முடியற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாது சாமி." எங்கம்மா வீட்டு நோட்டை மடிச்சு வெச்சுட்டாங்க. ஆபீஸ்ல என் ஜாதகம் தெனமும் ஓடிட்டிருக்குதே? எனக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனா அத்தை அப்படிக் கேட்டுட்டாங்களேன்னு மறுநாளே முதல் வரிசையை அழிச்சுட்டேன். ஆயிரம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது ஆச்சு. யாருக்கும் தெரியாது. சின்னப் புள்ளையாட்டம் எனக்கு ஒரு சந்தோஷம், அத்தை சொன்னதைக் கேட்டுட்டோம்னு.

தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போதும் ஒத்துப் போச்சுங்க. அப்படியே அச்சடிச்ச மாதிரி.

தை மாசம் புது வெர்ஷன் போச்சு. கூடவே ஒரு நோட்டீஸ். நான்தான் எழுதினேன். "பத்து மடங்கு வேகம்"னு போட்டிருந்தேன். திருமலைசாமி சார் பாத்துட்டு, "வேகம்னு ஒத்தையா நிக்குது, மொட்டையா இருக்குதும்மா. கூட ஒண்ணு போடு"ன்னாரு. "முன்னைவிடத் துல்லியமானது"ன்னு சேத்தேன். சும்மாதானுங்க சேத்தேன்! சோப்பு டப்பாவுல போடறதில்லையா, அந்த மாதிரி.

கல்யாணம் பங்குனியில. மாசி பொறந்ததும் அவரோட தாய்மாமா, மயில்சாமி மாமான்னு, முகூர்த்த நேரம் குறிச்சுப் பட்டோலை எழுத ரெண்டு ஜாதகமும் வேணும்னு உடுமலையில மையத்துக்குப் போயிருக்காரு. அவருக்கு அத்தை சொன்னதெல்லாம் தெரியாது. மையத்துக்காரரு புது வெர்ஷன்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்திருக்காரு.

மத்தியானம் சாப்பிட்டுட்டிருந்தேன். போன் வந்துச்சு. இந்த நேரத்துக்கு அவரு கூப்பிட மாட்டாரேன்னு எடுத்தேன்.

"சுகந்தி, உன் நட்சத்திரம் என்ன?"

"பூசம். இதென்ன புதுசா?"

"மாமா கையில இருக்கற பேப்பர்ல ஆயில்யம்னு இருக்குது."

நான் சிரிச்சேனுங்க. வாயில சோறு இருக்கறப்பவே சிரிச்சேன். அவரு சிரிக்கல.

உங்களுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. ஆயில்யப் பொண்ணு மாமியாருக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க. ஆயில்யம்னா மாமியார் இல்லாத எடமாத் தேடுவாங்க. பொருத்தம் பாக்கறப்பவே "பையனுக்கு அம்மா உண்டா, இல்லையா"ன்னு கேட்டு, இல்லைன்னா "அப்பச் சரி"ம்பாங்க. எங்க சாஃப்ட்வேர்லயே அதுக்கு ஒரு கட்டம் இருக்குது. தாயார் இருக்கிறாரா, ஆம், இல்லை. அந்தக் கட்டத்தை வெச்சதும் நான்தானுங்க.

ஏன், நீங்க எதுக்குப் பையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டீங்க? எடம் இருக்குதுங்க, கீழயே இருக்கட்டும்.

அன்னிக்கு மத்தியானம் என் ஜாதகத்தை ரெண்டு கம்பைலர்லயும் ஓட்டிப் பாத்தேன். பழசுல பூசம். புதுசுல ஆயில்யம். ராசி ரெண்டுலயும் கடகந்தான். நான் பொறந்தது காலையில ஆறு நாப்பத்தேழுக்கு. பூசம் முடியறது பழைய கணக்குல ஆறு நாப்பத்தேழு தாண்டி கொஞ்சம் செகண்டு. புதுக் கணக்குல ஆறு நாப்பத்தேழுக்குக் கொஞ்சம் செகண்டு முன்னால. ரெண்டுக்கும் நடுவுல அரை நிமிஷம். அந்த அரை நிமிஷத்துல நான் வந்து பொறந்திருக்கேன்.

எப்படி மாறுச்சுன்னா, ரவிக்கை தைக்கறாங்க பாருங்க. ஒரு டெய்லரம்மா கால் இஞ்சி, அரைக்கால் இஞ்சி எல்லாம் குறிச்சு வெச்சு, கடைசியிலதான் கணக்கை முழுசாக்கி வெட்டுவாங்க. இன்னொருத்தங்க ஒவ்வொரு அளவையும் எடுக்கறப்பவே முழு இஞ்சி ஆக்கிடுவாங்க. ரெண்டாமவங்க வேகம். ஆயிரம் பேருக்குப் பொருந்தவும் பொருந்திடும். எங்கயோ ஒருத்திக்குத்தான் கையில புடிக்கும். பழைய கம்பைலர் முதல் டெய்லர். எனக்கு முன்னால அந்தப் புரோகிராமை எழுதினவரு ஒவ்வொரு எண்ணையும் புள்ளிக்குப் பின்னால கொஞ்ச எடத்தோட சின்னதா வெச்சிருந்தாரு, பழசு அதைக் கணக்கு நடுவுல நீளமா வெச்சுக் காப்பாத்திட்டிருந்துச்சு. புதுசு அவரு சொன்னபடி சின்னதாவே வெச்சுது. கம்பைலர் மேல தப்பே இல்லீங்க. அதுகிட்ட நான் வேகம் கேட்டேன், அது வேகம் குடுத்துச்சு.

முதல் வரிசையை மட்டும் நான் அழிக்காம இருந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஐப்பசியிலயே தெரிஞ்சிருக்கும். திரையில செவப்பா ஒரு கோடு வந்திருக்கும், அவ்வளவுதான். திட்டிட்டே சரி பண்ணியிருப்பேன்.

ஆனா காரணம் தெரிஞ்சதும் எனக்கு அழுகை நின்னு போச்சு. இதான் விஷயம்னா சொன்னாப் புரிஞ்சுக்குவாங்கன்னு நெனைச்சேன். ரெண்டு பேப்பரையும் எடுத்துட்டு, எங்கம்மாவைக் கூட்டிட்டு, இதே பஸ்ஸுல உடுமலை போனேன்.

மயில்சாமி மாமா சேர்ல உக்காந்திருந்தாரு. அத்தை கட்டில்ல. நவநீதன் செவுத்தோரமா நின்னுட்டிருந்தாரு. வீட்டு நோட்டுலயும் பூசந்தான்னு எங்கம்மா சொன்னாங்க, அது பழைய கைக்கணக்குன்னு மாமா தள்ளிட்டாரு. நான் டெய்லர் கதையெல்லாம் சொன்னேன். சின்ன எண்ணு, பெரிய எண்ணு, அரை நிமிஷம், எல்லாம். மாமா பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டுப் பாக்கெட்டுல இருந்து எங்க நோட்டீஸை எடுத்தாரு.

"முன்னைவிடத் துல்லியமானதுன்னு இதுல போட்டிருக்குதே அம்மிணி. இது யாரு எழுதினது?"

"நானுங்க மாமா."

"அப்ப இது பொய்யா?"

"ஆமாங்க."

"அப்ப நீ இப்பச் சொல்றது?"

எங்கம்மா என் கையைப் புடிச்சுட்டாங்க. மாமா கெட்டவரு இல்லீங்க. "பாரு அம்மிணி, ஊருல யாரு வந்து இது மெஷின் தப்புன்னு சொன்னாலும் நான் கேப்பேன். நீயே மெஷின்ல உக்காந்திருக்கறவ. உனக்கு வேணுங்கறதை மாத்தி எடுத்துட்டு வர உனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"னாரு. நாலு நிமிஷம்னு சொல்ல வாய் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

அத்தைதான் சிரிச்சாங்க. "ஏன்டா மயிலு, என்னையக் கொண்டுபோக இந்தப் புள்ள ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிட்டு வரோணுமா? சுகரு முன்னூறு இருக்குது, அது பத்தாதா? வா கண்ணு, நீ வந்து காபி வெய்யி."

நான் எந்திரிச்சேன். அப்ப அவரு சொன்னாரு, "அம்மா, நீங்க சும்மா இருங்க."

அவ்வளவுதான் சொன்னாரு. நான் நின்ன எடத்துலயே நின்னேன்.

வாசல் வரைக்கும் வந்தாரு. கண்ணெல்லாம் செவந்திருந்துச்சு. "எனக்கு அம்மா ஒருத்தங்கதான் சுகந்தி. நாளைக்கு அவங்களுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நான் உன் மொகத்தைத்தான் பாப்பேன். அந்தப் பாவம் உனக்கெதுக்கு?"ன்னாரு. பாருங்கம்மா, அந்த நேரத்துலயும் எனக்குப் பாவம் வந்துடக் கூடாதுன்னுதான் நெனைச்சிருக்காரு. யாரு அப்படி நெனைப்பாங்க? அவரு மேல எனக்குக் கோவமே வரல. அம்மா மேல அவ்வளவு பாசம் வெச்சிருக்கறவரு, கட்டிக்கறவ மேல எவ்வளவு வெச்சிருப்பாரு!

திரும்பி வந்து புரோகிராம்ல மூணு வரி மாத்தினேன். மூணே மூணு வரிங்க. சின்ன எண்ணைப் பெரிய எண்ணாக்கினேன், அந்த சுவிட்ச்சை எடுத்தேன். புதுக் கம்பைலர்லயே பூசம் வந்துச்சு. நாலு நிமிஷம் அஞ்சாச்சு. ஒரே ஒரு நிமிஷந்தான் கூட. அதுக்கு நோட்டீஸ் போடறப்ப, போன வெர்ஷன்ல தப்பு இருந்துச்சுன்னு எழுதறேன்னு சாரைக் கேட்டேன். "கம்பெனியை மூடிட்டுப் போகச் சொல்றியா?"ன்னாரு. "சிறு மேம்பாடுகள்"னு போட்டு அனுப்பினாங்க. அதையும் பிரிண்ட் எடுத்து உடுமலைக்கு அனுப்பினேன். "மாசத்துக்கு ஒரு நட்சத்திரமா? போதும் அம்மிணி"ன்னு மாமா போன்ல சொல்லிட்டாரு. பங்குனி முகூர்த்தம் அப்படியே போயிடுச்சு.

மையத்துல இருக்கற பொண்ணுங்க, பசங்க எல்லாத்து ஜாதகத்துலயும் யாருக்கெல்லாம் இப்படி மாறியிருக்குதுன்னு ஓட்டிப் பாத்தேன். என்னையும் சேத்துப் பதினேழு பேரு. மத்த பதினாறு பேருக்கும் சாருக்குத் தெரியாம நானே போன் பண்ணினேன். பாதிப் பேரு திட்டினாங்க, நாலு பேரு ஏதோ ஏமாத்து வேலைன்னு வெச்சுட்டாங்க. தாராபுரத்துப் பொண்ணு ஒருத்தி, என்னை மாதிரியே பூசம் ஆயில்யமானவ, மாமியார் இல்லாத வீடாப் பாத்துக் கட்டிக் குடுத்துட்டாங்களாம். "விடுங்கக்கா, இங்க நிம்மதியாத்தான் இருக்குது"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

அத்தை மட்டும் விடல. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறப்ப யாரு போன்ல இருந்தாவது கூப்பிடுவாங்க. "சாப்பிட்டியா கண்ணு? நான் அவன்கிட்டப் பேசிட்டேதான் இருக்கேன். நீ அவசரப்பட்டு வேற எங்கயும் தலையாட்டிடாதே." எங்கம்மா எனக்கு வேற எடம் பாக்க ஆரம்பிச்சிருந்தாங்க. அதுலயும் பாருங்க, எதுக்கும் இருக்கட்டும்னு மாமியார் இல்லாத எடமாக் கேட்டுட்டிருந்தாங்க, பெத்த தாயி. நான் ஒண்ணுக்கும் தலையாட்டல. அவரும் வேற யாரையும் கட்டிக்கல. நாலு எடம் போயிப் பாத்தாங்களாம், அமையலையாம். அது மாமா வற்புறுத்தலுக்காகப் போனது.

கடைசியாப் பேசறப்ப அத்தை தேன்மிட்டாய்தான் கேட்டாங்க. "கல்யாணத்துக்கு அப்புறம்னு சொன்னே. அது எப்பவோ? இப்பவே ரெண்டு அனுப்பி வுடு கண்ணு"ன்னாங்க. "சுகரு ஏறிடுங்க அத்தை"ன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரல. சனிக்கிழமை தகவல் வந்துச்சு. மாரடைப்பு. போன வருஷம் இதே மாசி.

துக்கத்துக்குப் போனேன். பொம்பளைங்களோட ஓரமா உக்காந்திருந்தேன். யாரு இந்தப் பொண்ணுன்னு ஒருத்தங்க கேட்டாங்க. இன்னொருத்தங்க சொன்னாங்க, "பூ வெச்சு நின்னு போச்சே, அந்த ஆயில்யப் புள்ள. நல்ல வேளை, இந்த வீட்டுக்கு வரல. வந்திருந்தா இவ தலையிலதான் விடிஞ்சிருக்கும்." அங்கயே எந்திரிச்சுக் கத்தோணும்னு இருந்துச்சுங்க. நான் வராமயே செத்துட்டாங்களேன்னு கத்தோணும். நான் வந்திருந்தா மாத்திரை குடுத்திருப்பேன், சோறு அளந்து போட்டிருப்பேன், நெஞ்சு வலிக்குதுன்னா ஆட்டோ புடிச்சிருப்பேன். அவரு காத்தாடி மேல நின்னுட்டிருந்திருக்காரு, வீட்டுல யாருமே இல்லை. கத்தலீங்க. அத்தை மொகத்தைப் பாத்துட்டு வந்துட்டேன். அவரு என்கிட்டப் பேசல. பாவம், அவரு என்ன நிலைமையில இருந்தாரோ.

அப்புறம் ஒரு வருஷம் சத்தமே இல்லை. போன செவ்வாக்கிழமை சாயங்காலம் சரியா ஆறு மணிக்குப் போன் வந்துச்சு. அவரு நம்பர்.

"சுகந்தி, வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு வருஷத் திதி. வா. அது முடிஞ்சதும் மாமாவைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வந்து பேசறேன்."

ரெண்டு வருஷமா நெஞ்சுக்குள்ள இருந்ததை மட்டும் கேட்டேன். "நான் பூசம்னு இப்பவாவது நம்பறீங்களா?"

"அது எதுவா இருந்தா என்ன சுகந்தி? இப்பத்தான் அம்மா இல்லையே. இனி ஒரு தடையும் இல்லை."

ஏனுங்கம்மா மொகத்தை அப்படித் திருப்பிக்கறீங்க? அவரு தப்பா ஒண்ணும் சொல்லல. இருக்கறதைத்தான் சொன்னாரு. வெளிப்படையான மனுசன், மனசுல ஒண்ணு வெச்சு வாயில ஒண்ணு பேசத் தெரியாது. அவரை விடுங்க. நான் என்ன பண்ணினேன்னு கேளுங்க. இதை எங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல.

தடை இல்லைன்னு அவரு சொன்னதும், எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சுங்கம்மா. உள்ளங்கால்ல இருந்து குளுகுளுன்னு ஏறுச்சு. அத்தை இல்லைன்னு அவரு சொல்றாரு, நான் இங்க நின்னுட்டு அப்பாடான்னு மூச்சு விடறேன். என்னைக் கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டவங்க. ஆளில்லாத வீட்டுல நெஞ்சைப் புடிச்சுட்டு விழுந்தவங்க. அவங்க போனதுல எனக்கு ஒரு வழி பொறந்துச்சுன்னு நான் சந்தோஷப்பட்டேன். எவ்வளவு நேரம் இருக்கும்? அரை நிமிஷம் இருக்கும். அதுக்குள்ள வாய் "சரிங்க"ன்னு சொல்லிடுச்சு. போனை வெச்சதுக்கு அப்புறந்தான் அழுதேன்.

ஆபீஸ்ல அந்த முதல் வரிசையைத் திரும்பப் போட்டுட்டேன். தெனமும் காலையில என் ஜாதகந்தான் முதல்ல ஓடுது. தெனமும் பூசம்னுதான் வருது. பழசுலயும் வருது, புதுசுலயும் வருது. முந்தியெல்லாம் அதைப் பாத்தாத் தெம்பா இருக்கும். இந்த மூணு நாளா அதைப் பாக்கவே கூச்சமா இருக்குது. மெஷினுக்கு என்ன தெரியும்?

உடுமலை வந்துடுச்சு போல இருக்குது. கொஞ்சம் காலை எடுத்துக்கோங்க. அந்த மஞ்சப் பையைக் குடுங்க, பாத்து, உள்ள மல்லி இருக்குது, தேன்மிட்டாய் ஒரு பாக்கெட் இருக்குது. அத்தை படத்துக்கு முன்னால வெக்கறதுக்கு. இனிச் சுகரு ஏறாது.

பேனாவை ஏனுங்க மூடிட்டீங்க? நட்சத்திரம் கேட்டீங்களே. இவ்வளவு நேரம் பேசிட்டு அதைச் சொல்லாமப் போனா நல்லாருக்காது. ரெண்டு வருஷமா பூசம், பூசம்னு பாக்கறவங்ககிட்ட எல்லாம் கத்திட்டிருந்தேன். வேண்டாம், அடிச்சுடுங்க. ஆயில்யம்னு எழுதிக்கோங்க. உங்க பையனுக்கு வேற எடம் பாருங்கம்மா. நீங்க நல்லா இருக்கோணும்.